ஹூஸ்ஃபோர்ஹோர்ஸ்லெங்ட்

ஸ்வீடிஷ் சொல். 'ஹூஸ்' வீடு, 'ஃபோர்ஹோர்' வாய்மொழித் தேர்வு, 'லெங்ட்' இங்கே பெயர்ப் பதிவேடு. 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் வேர்கொண்டது. அந்நாளில் போதகர் வீட்டாரை உட்காரவைத்து லூத்தரின் ஞானோபதேசத்தைக் கேட்டுச் சோதிப்பார். யார் எவ்வளவு வாசிக்கிறார் என்றும் குறித்துக்கொள்வார். பண்ணைவாரியாக, வேலைக்காரப் பெண் உட்பட, எல்லோரும் பதிவேட்டில் உண்டு: பிறந்த நாள், பிறந்த ஊர், அம்மை குத்திய விவரம், குடிபெயர்ந்த ஆண்டு.

1850 முதல் 1930 வரை சுமார் 12 லட்சம் ஸ்வீடன்காரர்கள் அமெரிக்கா போனார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயரை அடித்துவிட்டு, ஓரத்தில் 'வட அமெரிக்கா' என்று போதகர் கிறுக்கிய வரிதான் மினசோட்டாவில் வேர் தேடும் கொள்ளுப்பேரர்களுக்குப் புதையல். ஆனால் தகப்பன் பெயரே பின்பெயராக இருந்த நாட்டில் ஊருக்கு ஊர் ஆண்டர்சன்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடுவது வீண். பிறந்த நாளும் சபையின் பெயரும் கையில் இருக்க வேண்டும்.