ஃபிளவர் (ஆங்கிலச் சொல்)

'ஃபிளவர்' என்பது பூவைக் குறிக்கும் பொதுவான ஆங்கிலச் சொல். பூக்கும் தாவரத்தின் இனப்பெருக்க உறுப்பு என்பது இதன் முதற்பொருள். ஒன்றின் சிறந்த பகுதி, இளமையின் உச்சம், நுண்ணிய தூள் என்ற பொருள்களிலும் இது வழங்கியுள்ளது. வினையாக வரும்போது பூத்தலையும் செழித்தலையும் குறிக்கும். 'பிளாசம்', 'புளூம்' ஆகியவை இதற்கு மிக நெருங்கிய ஒருபொருட்சொற்கள்.

சொற்பிறப்பு

லத்தீனில் பூவுக்கு 'ஃப்ளோஸ்' என்று பெயர்; வேற்றுமை ஏற்கும்போது இது 'ஃப்ளோர்' என்று திரியும். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அவர்கள் பேசிய பிரெஞ்சின் வழியாக இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது.

அதற்கு முன் ஆங்கிலேயர் பூவை 'பிளோஸ்ட்மா' என்றனர். இன்றைய 'பிளாசம்' அதன் வழிவந்தது. பூவைக் குறிக்கும் 'புளூம்', ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பழைய நார்ஸ் மொழி தந்தது. பழைய ஆங்கிலத்திலும் 'ப்ளோமா' என்றொரு சொல் இருந்தது. ஆனால் அது உலோகக் கட்டியைக் குறித்தது. உருக்காலைகளில் பெரிய எஃகுக் கட்டியை இன்றும் 'புளூம்' என்றே சொல்கின்றனர்.

மூன்று வழிகளில் வந்து சேர்ந்தாலும் 'ஃபிளவர்', 'பிளாசம்', 'புளூம்' மூன்றுக்கும் வேர் ஒன்றே. இம்மொழிகளுக்கெல்லாம் மூதாதையான தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த ஓர் ஒலி, லத்தீனில் 'ஃப' ஆகவும் ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் 'ப' ஆகவும் மாறியது. சகோதரனைக் குறிக்கும் லத்தீன் 'ஃப்ராட்டர்', ஆங்கில 'பிரதர்' ஆகிய இணையிலும் இதே மாற்றத்தைக் காணலாம்.

லத்தீன் வேரிலிருந்து வேறு சொற்களும் கிளைத்தன. ரோமானியர் பூக்களின் தெய்வத்தை 'ஃப்ளோரா' என்று வணங்கினர். பிற்காலத்தில் அப்பெயர் ஒரு நிலப்பகுதியின் தாவரங்களையும் அவற்றை விவரிக்கும் நூலையும் குறிக்கலாயிற்று. ஸ்வீடனின் தாவரவியலாளர் லின்னேயஸ் 1737இல் லாப்லாந்தின் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலின் பெயர் 'ஃப்ளோரா லாப்போனிகா'. ஃப்ளாரன்ஸ் நகரம் 1252இல் வெளியிட்ட பொற்காசில் அந்நகரின் சின்னமான அல்லிப்பூ பொறிக்கப்பட்டிருந்தது. 'ஃப்ளோரின்' என்ற நாணயப் பெயர் அதிலிருந்து வந்தது.

பூவும் மாவும்

'பூ' என்பதை 'சிறந்த பகுதி' என்ற பொருளில் ஆளும் வழக்கம் பிரெஞ்சிலிருந்தே வந்தது. கோதுமையை அரைத்துத் துணியில் சலித்தால் தவிடு மேலே தங்கும். வெண்மையான நயமான மாவு கீழே இறங்கும். இந்த முதல்தர மாவைப் பிரெஞ்சுக்காரர் 'மாவின் பூ' என்றனர். ஆங்கிலத்தில் அது சுருங்கி வெறும் 'ஃபிளவர்' ஆனது. நாளடைவில் தரம் பற்றிய குறிப்பு மறைந்து, அரைத்த மாவுக்கே பொதுப்பெயராயிற்று.

நெடுங்காலம் இரண்டையும் ஒரே சொல்லாகவே எழுதிவந்தனர். 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதியும் இவற்றைப் பிரிக்கவில்லை. பூவுக்கு 'டபிள்யூ' சேர்ந்த எழுத்துக்கூட்டு, மாவுக்கு 'யூ' சேர்ந்த எழுத்துக்கூட்டு என்ற வேறுபாடு அதன் பின்னரே உறுதிப்பட்டது. உச்சரிப்பு இன்றும் ஒன்றே.

ரசவாதிகள் இச்சொல்லை வேறு வகைத் தூளுக்கும் ஆண்டனர். கந்தகத்தைச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிர்ந்த அறைச் சுவரில் படியவிட்டால் மஞ்சள் தூள் கிடைக்கும். இதற்குக் 'கந்தகத்தின் பூக்கள்' என்று ஆங்கிலத்தில் பெயர். பழைய மருத்துவ நூல்களில் 'பூக்கள்' மாதவிடாயையும் குறித்தது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தில் அவ்வழக்கு உள்ளது. பின்னர் அது வழக்கொழிந்தது.

ஒருபொருட்சொற்கள்

பிரெஞ்சு வழி வந்த 'ஃபிளவர்' பொதுச்சொல்லானதும் பழைய சொற்கள் அழிந்துவிடவில்லை. தனித்தனி எல்லைகளை வகுத்துக்கொண்டன. 'பிளாசம்' பெரும்பாலும் ஆப்பிள், செர்ரி போன்ற கனிமரங்களின் பூவுக்கு உரியது. மரம் முழுதும் பூத்திருக்கும் திரளுக்கும் அதுவே பெயர். 'புளூம்' அழகுக்காக வளர்க்கும் பூவையும் பூத்திருக்கும் நிலையையும் சுட்டும். திராட்சை, பிளம் பழங்களின் தோலில் படர்ந்திருக்கும் வெண்பூச்சும் 'புளூம்' எனப்படும். நீர்நிலையில் பாசி திடீரெனப் பெருகுவதற்கும் இதே சொல்தான்.

சிறு பூவை 'ஃப்ளோரெட்' என்பர். சூரியகாந்தியில் ஒரே பூவாகத் தோன்றுவது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறுபூக்களின் தொகுதி. ஓரத்தில் இதழ்போல் நிற்கும் ஒவ்வொன்றும் ஒரு சிறுபூ. நடுவட்டத்தில் நெருங்கியிருக்கும் சிறுபூக்களே விதை தருகின்றன. பூச்செண்டுக்கு 'பொக்கே', 'போசி', 'நோஸ்கே' என மூன்று பெயர்கள் உண்டு. இவற்றில் 'போசி' கவிதையைக் குறிக்கும் 'போயசி' என்பதன் சுருக்கம். மோதிரத்தில் பொறிக்கும் சிறு வாசகத்துக்கும் அப்பெயர் வழங்கியது.

உருவகப் பயன்பாடு

ஒரு நாட்டின் சிறந்த இளைஞர்களை அதன் 'பூ' என்பது ஆங்கிலத்தில் பழைய வழக்கு. நடன அரங்கில் ஆடத் துணையின்றிச் சுவரோரம் இருப்பவரைச் சுவரில் வளரும் ஒரு செடியின் பெயரால் 'வால்ஃபிளவர்' என்கின்றனர். வியட்நாம் போரை எதிர்த்த அமெரிக்க இளைஞர்களின் முழக்கம் 'ஃபிளவர் பவர்'. 1967 அக்டோபரில் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் முன் நடந்த பேரணியில், ஓர் இளைஞர் ராணுவக் காவலர்களின் துப்பாக்கிக் குழல்களில் பூக்களைச் செருகும் காட்சியைப் புகைப்படக் கலைஞர் பெர்னி பாஸ்டன் படமெடுத்தார். அப்படம் அம்முழக்கத்தின் அடையாளமாக நிலைத்தது.

தமிழில்

இச்சொல் தமிழ்ப் பேச்சில் தனியாக வருவது குறைவு, கூட்டுச்சொற்களிலேயே மிகுதி. 'காலிஃபிளவர்' அவற்றில் பரவலானது. கோசின் பூ என்று பொருள்படும் இத்தாலியப் பெயரின் வழியில் வந்தது அது. 'பூக்கோசு' என்ற தமிழ்ப்பெயரும் அதே பொருள் தருகிறது. 'ஃபிளவர் வாஸ்', 'சன்ஃபிளவர் ஆயில்' ஆகியவற்றிலும் பூவே பொருள். 'ஃபிளவர் மில்' என்ற பெயர்ப்பலகையில் இருப்பது மட்டும் மாவு.