குருதி கூறும் குலவரலாறு

ஒரு நாட்டின் பழைமையை அறிய விழைவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவர். அவை இல்லாவிடத்து மண்ணை அகழ்ந்து எலும்பையும் ஓட்டையும் ஆராய்வர். இவற்றினும் பழைமையானதும், எவ்வரசராலும் திருத்தி எழுதப்படாததுமான சாசனம் ஒன்று நம் ஒவ்வொருவர் உடலிலும் உளது. அதுவே மரபணு எனப்படுவது. புலவர் தம் புரவலர் குலத்தைச் சூரியனோடும் சந்திரனோடும் இணைத்துப் பாடினர். மரபணுவோ எவர்க்கும் முகமன் கூறுவதில்லை.

இச்சாசனத்தைப் படிக்கும் முறை யாது? ஒரு கிராணி எழுதிய பேரேட்டை மற்றொரு கிராணி பார்த்தெழுதுகின்றார் என்க. எழுதுங்கால் ஓரிடத்தில் பிழை நேர்ந்துவிடுகின்றது. அப்படியைப் பார்த்துப் பின்னர் எழுதப்படும் படிகள் யாவற்றிலும் அப்பிழை தொடரும். வேறொரு படியினின்று எழுதியவற்றில் அஃது இராது. ஆகவே, நூறு படிகளை ஒருங்கே வைத்து நோக்குவார், எது எதனின்று பிறந்தது என்பதைப் பிழைகளைக் கொண்டே அறிந்து கூறலாம். பெற்றோரிடமிருந்து மக்களுக்கு மரபணு படியெடுக்கப்படுங்காலும் இத்தகைய மாறுதல்கள் அரிதாய் நேர்கின்றன. அவையே அறிஞர் தேடும் மரபு அடையாளங்கள். மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பிலுள்ள மரபணு தாயிடமிருந்து வருவது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. முன்னது தாய்வழியையும் பின்னது தந்தைவழியையும் காட்டும்.

1987-ஆம் ஆண்டில் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் என்னும் மூவர், பல நாட்டினரான 147 பேரின் தாய்வழி மரபணுவை ஆராய்ந்தனர். அவர்கள் அனைவர் மரபும் ஏறக்குறைய 2,00,000 ஆண்டுகட்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு தாயிடம் சென்று சேர்வதை வெளியிட்டனர். அவள் ஒருத்தியே அன்று வாழ்ந்தாள் என்பது இதன் பொருளன்று. அவளது தாய்வழியே இடையறாது இன்றுவரை வந்துளது என்பதே பொருள்.

நாம் வாழும் இத்தீபகற்பமும் இவ்வாராய்ச்சியில் இடம் பெற்றுளது. 2005-இல் ஒராங் அஸ்லி மக்களின் தாய்வழி மரபணு ஆராயப்பட்டது. அவர்தம் கிளைகள் ஆசிய மரபின் அடிமரத்தருகே பிரிந்து நிற்கக் கண்ட அறிஞர், ஆப்பிரிக்காவினின்று புறப்பட்ட மாந்தர் சுமார் 65,000 ஆண்டுகட்கு முன் இந்துமாக்கடற் கரையோரமாகவே கிழக்கு நோக்கிப் பரவினர் என்று முடிவு கூறினர். நம்மவரிற் சிலர் காட்டு மனிதர் என்று இகழும் அம்மக்கள், இந்நிலத்தின் மூத்த குடிகளாவர்.

இனி, நம் முன்னோர் புறப்பட்டு வந்த இந்தியாவை நோக்குவோம். 2009-இல் ஹைதராபாத்து அறிஞரும் அமெரிக்க அறிஞரும் கூடி இருபத்தைந்து கூட்டத்தாரை ஆராய்ந்தனர். இந்திய மக்களிற் பெரும்பாலோர் இரு பண்டை மூதாதையரின் கலப்பாற் பிறந்தோர் என்பது தெளிவாயிற்று. ஒரு மூதாதையர் மேற்காசிய, மத்திய ஆசிய, ஐரோப்பிய மக்களுக்கு உறவினர்; மற்றவர் தெற்கே தொன்றுதொட்டு இருந்தோர். முதற்பங்கு பெரும்பாலான கூட்டத்தாரிடம் நூற்றுக்கு 39 முதல் 71 வரை உளது. உயர்ஜாதி எனப்படுவோரிடம் அப்பங்கு சற்று மிகுதி என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அஃது அளவில் வேற்றுமையேயன்றி வகையில் வேற்றுமையன்று. 2019-இல் 523 பண்டை மனிதரின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, அவ்விரு மூதாதையருமே முன்னர்க் கலந்தவர் என்பதும் புலனாயிற்று.

இக்கலப்பு நிகழ்ந்த காலம் எது? 2013-இல் 73 கூட்டத்தாரை ஆராய்ந்து, இன்றைக்கு 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு வரை முன்னர் என்று கணித்தனர். பில் போன்ற பழங்குடிகளும் இதற்கு விலக்கல்லர். அதன் பின்னரே தத்தம் கூட்டத்துள் மட்டும் மணக்கும் வழக்கம் நாடெங்கும் இறுகிற்று. முதலில் கலந்தனர்; பின்னரே சுவர் எழுப்பினர்.

"அவ்வாறாயின் எம் குலம் ஈராயிரம் ஆண்டாய்க் கலவாத குலமன்றோ?" என்று பெருமை பேசுவாரும் உளர். முன்னரே கலந்த பாலைக் குடத்திலிட்டு மூடிவைத்து, இது கலவாத பால் என்பது போன்றது அவர் கூற்று. மேலும், அச்சுவருக்குச் செலுத்தும் விலையும் சிறிதன்று. 2017-இல் வெளிவந்த ஆராய்ச்சியில் 263 தெற்காசியக் கூட்டங்களுள் 81, மிகச் சிலரே முன்னோராய் அமைந்தமையால், மறைந்து வரும் பரம்பரை நோய்களுக்கு மிகுதியும் இடந்தருவன எனக் கண்டனர். ஆந்திரத்து வைசியரிற் பலர்க்கு, அறுவைச் சிகிச்சையில் தசை தளர்த்தக் கொடுக்கும் சில மருந்துகள் எளிதில் நீங்காமல் இடர் விளைப்பது இதற்கு ஒரு சான்று. ஜாதிச் சுவர் அதனுள் இருப்போரையும் வாட்டுகின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். குருதியைக் காட்டி மனிதரைத் தரம் பிரித்த ஜெர்மானிய நாஜிகள் செய்த கொலைகளை உலகம் அறியும். ஆதலின் நம் சமத்துவக் கொள்கையை நாம் குருதியின்மீது நிறுத்தலாகாது. கலவாத குலம் ஒன்று உண்டென்று நாளை ஓர் ஆராய்ச்சி கூறினும், அக்குலத்தாருக்குப் பிறரைத் தாழ்த்தும் உரிமை வந்துவிடாது. விஞ்ஞானம் ஜாதியின் பொய்யை வெளிப்படுத்தும். அதனை ஒழிப்பது நம் கடன்.

கப்பலேறி வந்த நம் முன்னோரிற் சிலர், கடலைத் தாண்டியும் ஜாதியை விட்டாரல்லர். தோட்டத்து லயங்களும் ஜாதி வாரியாய்ப் பிரிக்கப்பட்டதுண்டு. இன்றும் மணம் பேசுவோர் பெண்ணின் கல்வியையும் பிள்ளையின் ஒழுக்கத்தையும் கேட்குமுன் ஜாதியைக் கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடை கூற மறுக்கும் துணிவு நம் இளைஞர்க்கும் நங்கையர்க்கும் வேண்டும். அவர்க்குத் துணைநிற்கும் நெஞ்சுரம் பெற்றோர்க்கும் வேண்டும்.