உறவுச்சொல்லும் அரியணையும்: ‘அமலாதித்யன்’ வழி ஒரு நோக்கு

பாட்டே மேலோங்கியிருந்த தமிழ் நாடக மேடையில் உரைநடை உரையாடல் வலுப்பெற்றதில், 1891-இல் சென்னையில் தோன்றிய சுகுண விலாச சபைக்குப் பெரும்பங்கு உண்டு. அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) 1895-இல் எழுதிய ‘மனோகரா’, அரண்மனைப் பூசலையும் தாய் தந்தையரிடையே பிளவுற்ற மைந்தனின் பற்றையும் பொருளாகக் கொண்டது. இப்பொருளுக்கு நெருங்கிய ‘ஹாம்லெட்’ நாடகத்தை அவர் பின்னர் ‘அமலாதித்யன்’ எனத் தழுவினார். ‘மாக்பெத்’ ‘மகபதி’ ஆனதும் ‘சிம்பலின்’ ‘சிம்மளநாதன்’ ஆனதும் போல இப்பெயரும் ஒலியொப்புமை பற்றியது.

பெயர்கள் எளிதில் பெயர்ந்தன. உறவுச்சொற்கள் அவ்வாறு பெயர்வனவல்ல. ‘அங்கிள்’ என்னும் ஆங்கிலச் சொல் தந்தைவழி, தாய்வழி என்ற வேறுபாட்டையோ மூத்தவர், இளையவர் என்ற வேறுபாட்டையோ காட்டாது. தமிழில் சிற்றப்பன், பெரியப்பன், மாமன் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அண்ணனுக்குப் பின் தம்பி அரியணை ஏறினான் எனக் கொண்டால் ‘சிற்றப்பன்’ பொருந்தும். ஆயின் அச்சொல்லினுள் ‘அப்பன்’ உளன். அவனை மணந்தவளைக் குறிக்கும் ‘சிற்றன்னை’ என்பதனுள் ‘அன்னை’ உளள். தந்தையின் உடன்பிறந்தான் தந்தையாவதும் தாய் அவன் மனைவியாவதும் ஆங்கிலத்தில் இரு சொற்களின் முறைகேடான சேர்க்கையாய் ஒலிக்கும். அதனைக் கொண்டு ஹாம்லெட் செய்யும் எள்ளல் தமிழில் கூர் மழுங்குகிறது.

இழப்புக்கு ஈடும் உண்டு. மூன்றாம் அங்கத்து நான்காம் காட்சியில் ஹாம்லெட் தாயைக் கணவனுடைய உடன்பிறந்தானின் மனைவி எனச் சுட்டுகிறான். ஆங்கிலம் தொடராய் விரித்துரைக்கும் அவ்வுறவைத் தமிழ் ‘கொழுந்தன்’ என்னும் ஒரு சொல்லால் உணர்த்தும். பழியும் அச்சொல்லிலேயே அடங்கிவிடும்.

அதே காட்சியின் தொடக்கத்தில் தாயும் மகனும் அடுத்தடுத்த கூற்றுகளில் ‘தந்தை’ என்கின்றனர். தாய் குறிப்பது புதிய கணவனை. மகன் குறிப்பது இறந்த மன்னனை. தெளிவு கருதித் தாயின் கூற்றில் ‘சிற்றப்பன்’ எனத் திருத்தும் மொழிபெயர்ப்பாளர், மகனின் மறுமொழிக்கு இருந்த பிடிப்பை அறுத்துவிடுகிறார். யார் தந்தை என்பதே இங்கு யார் அரசன் என்பதற்கான வழக்கு. ஆகவே இத்தகைய நாடகங்களில் உறவுச்சொல்லை அகராதிப் பொருள் நோக்கி மட்டும் தேர்தல் போதாது. அதனை ஆள்பவர் எவர் பக்கம் நிற்கிறார் என்பதையும் நோக்கியே தேர்தல் வேண்டும்.