குலுக்கையைப் படம் பிடித்து வையுங்கள்



ஓய்வு பெற்ற பிறகு செல்போனும் கையுமாக எதற்கு ஊர் ஊராக அலைகிறீர்கள் என்று பலர் கேட்கிறீர்கள். குலுக்கைகளைப் படம் எடுக்கத்தான். தானியம் கொட்டி வைக்கிற மண் குதிர்தான் நம் பக்கத்துக் குலுக்கை. இளையவர்களில் பாதிப்பேர் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மதுரையைப் படம் எடுத்த கதை பழையது. 1858-லேயே லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் கேப்டன், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இங்கே வந்தார். மீனாட்சியம்மன் கோயில், தெப்பக்குளம், அழகர்கோயில் எல்லாவற்றையும் பெரிய காகித நெகடிவ்களில் பதிவு செய்தார். நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது நாயக்கர் மகாலைப் பழுது பார்த்தார்கள். அதற்கு முன் மகால் இடிந்து கிடந்த கோலத்தை டிரைப்பின் படங்களில் பார்க்கலாம். ஆனால் அரசாங்கம் அனுப்பிய கேமரா கோயிலையும் அரண்மனையையும் பார்த்தது. குடியானவர் வீட்டு இருட்டறைக்குள் அதற்கு என்ன வேலை?

பெரிய களஞ்சியங்கள் எப்படியோ பிழைத்துக்கொண்டன. ஸ்ரீரங்கம் கோயிலில் வட்டமான நெற்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறையில் 3000 கலம் நெல் பிடிக்கும் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியத்தைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. நம் வீட்டுக் குலுக்கைக்கு அப்படி யாரும் இல்லை.

களிமண்ணில் வைக்கோலைச் சேர்த்து மிதித்து, சிறிது சிறிதாக உயர்த்தி, காயவிட்டு மறுபடி உயர்த்துவார்கள். பெரும்பாலும் பெண்கள் கைவேலை. மேலே சாணி மெழுகல். உள்ளே பூச்சிக்கு வேப்பிலை, நொச்சி இலை. மேல்வாயில் கொட்டி, அடியில் உள்ள துளை வழியாக எடுப்பார்கள். பழைய தானியம் முதலில் வந்துவிடும், புதியது தங்கும். எவ்வளவு யோசனை பாருங்கள்!

திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் வானம் பார்த்த பூமி. சோளம், கம்பு, வரகுதான் சாப்பாடு. மழை பொய்த்த வருஷம் குலுக்கையில் இருப்பதுதான் உயிர். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்குக் குலுக்கையின் அருமை தெரியும். 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் வந்தபின் மேலூர்ப் பக்கம் நெல் பெருகியது. 1960-களில் புதிய நெல் ரகங்கள் வந்தன. 1965-ல் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. களத்திலிருந்தே மூட்டை லாரி ஏறியது, ரேஷன் அரிசி வந்தது, குலுக்கை காலியானது. பஞ்ச பயம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பயத்தை நம் முன்னோர் எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கான சாட்சி போகிறதே என்றுதான் வருத்தம்.

பெரிய குலுக்கைகளை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கட்டினார்கள். வாசல் வழியே வெளியே வராது. வீட்டை இடித்தால் குலுக்கையும் உடையும். மியூசியத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. படம் ஒன்றுதான் மிச்சம்.

ஆகவே ஊருக்குப் போகும்போது இதைச் செய்யுங்கள். பிளாஷ் போடாதீர்கள், மண்ணில் பதிந்த கைரேகை மறைந்துவிடும். கதவைத் திறந்து பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு மரக்காலோ படியோ வையுங்கள். அடித்துளையைத் தனியாக எடுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் யார் செய்தது, என்ன தானியம், கடைசியாக எப்போது நிரம்பியது என்று கேட்டுக் குரலையும் பதிவு செய்யுங்கள்.

இதுவரை 23 குலுக்கைகளைப் படம் எடுத்திருக்கிறேன். அவற்றில் நான்கு இப்போது இல்லை. உங்கள் வீட்டில், மாமனார் வீட்டில், பக்கத்து வீட்டில் ஒன்று இருந்தால் ஊர்ப் பெயரோடு படத்தை எனக்கு அனுப்புங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மறக்க வேண்டாம்.