கண்ணகியின் புதுக்குடித்தனம்: மாமியார், தோழி, கிளி

கண்ணகி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஒற்றைச் சிலம்பு, விரிந்த கூந்தல், எரியும் மதுரை. மேடைப் பேச்சுகளிலும் சிலைகளிலும் அவளை நாம் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டோம். ஆனால் அந்தக் கோபத்திற்கு முன்னால் அவளுக்கு ஒரு வீடு இருந்தது. மாமனார் மாமியார் இருந்தார்கள், தோழி இருந்தாள், கையை விட்டுப் பிரியாத கிளி இருந்தது. இழந்தது என்ன என்று தெரிந்தால்தானே கோபத்தின் அளவு புரியும்? ஆகவே இக்கட்டுரையில் மதுரை எரிந்த கதையை விட்டுவிட்டு, புதுமணப் பெண்ணாகக் கண்ணகி குடித்தனம் நடத்திய கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வெளி மாநிலத்தில் மகன் மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்து, அவர்கள் எந்த வீட்டில் எப்படி வாழ்வது என்று யோசிக்கிற நமக்கு இதில் பாடம் உண்டு.

வணிகர் வீட்டுக் கல்யாணம்

கண்ணகியின் தந்தை மாநாய்கன், கடல் வணிகர். கோவலனின் தந்தை மாசாத்துவான், சாத்து என்னும் வணிகக் கூட்டத்தை நடத்தித் தரைவழி வாணிகம் செய்தவர். பெயர்களே தொழிலைச் சொல்லுகின்றன. கப்பல்காரர் வீட்டுப் பெண்ணும் வண்டிக்காரர் வீட்டுப் பையனும் சம்பந்தம் செய்துகொண்டார்கள். நம்ம கடைத்தெரு பாஷையில் சொன்னால் நல்ல இடத்துச் சம்பந்தம். அழைப்புச் சொல்ல மகளிரை யானை மேல் ஏற்றி ஊர் முழுக்க அனுப்பினார்களாம். உரோகிணி நாளில் மணம் நடந்தது.

அப்போது கண்ணகிக்கு வயது 12, கோவலனுக்கு 16 என்று இளங்கோவடிகள் கணக்கு தருகிறார். அந்தக் கால வழக்கம் அது. இன்று பெண்ணுக்கு 18 நிறையாமல் மணம் செய்தால் சட்டப்படி குற்றம், அதுவே நியாயம். ஆனால் காப்பியத்தைப் படிக்கும்போது இந்த வயதை மறக்கக் கூடாது. தனி வீட்டின் பொறுப்பு முழுவதும் ஒரு சிறுமியின் தோளில் ஏறியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே மேலே படிக்க வேண்டும்.

தனிக்குடித்தனம் வைத்தது மாமியார்

நம் வீடுகளில் தனிக்குடித்தனம் என்றாலே சண்டை என்று பொருள். மருமகள் பிரித்துவிட்டாள் என்று ஒரு பக்கம், மாமியார் தாங்கவில்லை என்று இன்னொரு பக்கம். பெங்களூரில் வேலை நிமித்தம் பையன் தனியாக வீடு எடுத்தால்கூட ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

சிலப்பதிகாரத்தில் நடந்தது என்ன? மணம் முடிந்து கொஞ்ச நாள் எழுநிலை மாடத்தின் நடு மாடியில் புதுமணத் தம்பதியர் மகிழ்ந்திருந்தார்கள். பிறகு ஒரு நாள் கோவலனின் தாயே அவர்களுக்குத் தனி வீடு அமைத்து, பொருள் கொடுத்து, பணியாட்களைக் கொடுத்துக் குடிவைத்தாள். யாரும் கேட்கவில்லை, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சுற்றத்தாரைப் பேணவும், துறவோரை உபசரிக்கவும், விருந்தினரைப் போற்றவும் இளையவர்கள் தாங்களாகக் கற்றுச் சிறக்க வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அந்த அம்மையாரின் ஆசை. மனையறம் படுத்த காதை என்று அந்தப் பகுதிக்குப் பெயர் வைத்ததும் அதனால்தான்.

வணிகனாக எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது. பெரிய கடையிலேயே உட்கார்ந்திருக்கும் பையன் முதலாளி ஆக மாட்டான். கிளைக்கடை ஒன்றை அவன் கையில் கொடுத்து, முதலும் கொடுத்து, லாப நஷ்டத்தை அவனே பார்க்கட்டும் என்று விட்டால்தான் கை தேறும். அந்த மாமியார் செய்தது அதுதான். முதல் கொடுக்காமல் தனியாகப் போ என்று சொல்லவில்லை. கொடுத்துவிட்டுத் தினமும் வந்து கணக்குக் கேட்கவும் இல்லை.

அந்த வீட்டில் கண்ணகி சில ஆண்டுகள் நல்லபடியாகக் குடித்தனம் நடத்தினாள்.

எல்லா வீடும் அந்த வீடு அல்ல

எல்லாப் புதுப்பெண்ணுக்கும் இப்படிச் செல்வம் வாய்க்கவில்லை. நற்றிணையில் போதனார் பாடிய ஒரு பாட்டு உண்டு. பிறந்த வீட்டில் பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பால் கொடுத்தும் குடிக்க மாட்டேன் என்று பந்தலைச் சுற்றி ஓடிய பெண், கணவன் வீடு வறுமைப்பட்டபோது வேளை தவறி உண்கிறாள். அப்போதும் தந்தை வீட்டுச் சோற்றை நினைக்கவில்லை. இந்த அறிவை இவள் எங்கே கற்றாள் என்று வளர்த்தவள் வியக்கிறாள். குறுந்தொகையில் கூடலூர் கிழார் காட்டும் பெண் தயிரைக் கையால் பிசைந்து, கையை உடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிதப் புகை கண்ணில் பட்டும் புளிக்குழம்பு சமைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டதும் அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அவ்வளவுதான் கதை. 2000 ஆண்டுகளாக நம் வீடுகளில் தினமும் நடக்கிற கதை.

கிளியும் கீரியும் குரங்கும்

புதுப்பெண் வீட்டில் வளர்ப்புப் பிராணிக்கு என்ன இடம்? முதலிரவுப் பேச்சில் கோவலன் கண்ணகியைப் புகழ்கிறான். உன் சாயலுக்குத் தோற்று மயில் காட்டுக்குப் போயிற்று, உன் நடைக்குத் தோற்று அன்னம் நீர்நிலைக்குப் போயிற்று, இந்தச் சிறு கிளி மட்டும் உன் பேச்சுக்குத் தோற்றாலும் உன் கையை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே இருக்கிறது என்கிறான். புகழ்ச்சிக்காகச் சொன்னதுதான் என்றாலும் கையில் கிளியோடு இருந்த பெண் என்ற செய்தி அதில் கிடைக்கிறது. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார் காட்டும் தாய், மகள் காதலனோடு போன பிறகு அவள் விட்டுச் சென்ற பாவையையும் கிளியையும் பூவையையும் பார்த்துப் பார்த்துக் கலங்குகிறாள். பெண் போன வீட்டில் பறவை மட்டும் மிச்சம்.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் இன்னும் இரண்டு பிராணிகள் வருகின்றன. ஒரு பார்ப்பனப் பெண்ணால் வீட்டில் வளர்ந்த கீரிப்பிள்ளை இறந்துவிட்டது. கணவன் இனி உன் கையால் உண்ணுதல் தகாது என்று ஓர் ஏட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வடக்கே போய்விட்டான். அவள் அந்த ஏட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வணிகர் தெருவில் வீடு வீடாக அழுதாள். அவளை அழைத்து விசாரித்து, பாவம் தீரத் தானம் செய்யப் பொருள் கொடுத்து, கணவனையும் சேர்த்து வைத்தவன் யார் தெரியுமா? நம் கோவலன்தான். ஊரார் குடும்பத்தைச் சேர்த்து வைத்தவன் தன் குடும்பத்தை விட்டுவிட்டான் என்பதை இளங்கோவடிகள் எடுத்துச் சொல்லவில்லை. படிப்பவர் தாமே சேர்த்துப் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டார்.

அடுத்தது கவுந்தியடிகள் மாதரிக்குச் சொன்ன கதை. எட்டி என்னும் பட்டம் பெற்ற வணிகன் சாயலன் வீட்டில், முனிவர் உண்ட மிச்சத்தை ஒரு சிறு குரங்கு உண்டு அவர் முகத்தை நோக்கி நின்றது. இதை உன் பிள்ளைபோல் காப்பாற்று என்று முனிவர் வீட்டு அம்மாளிடம் சொன்னார். அவளும் அப்படியே வளர்த்தாள். அது இறந்த பிறகு தான் செய்த தானத்தில் ஒரு பங்கை அதன் பெயரில் செய்தாள். அது அரசகுமாரனாகப் பிறந்து, ஒரு கை மட்டும் குரங்கின் சிறு கையாக அமைந்து, தானங்கள் செய்து, 32 ஆண்டுக்குப் பின் தேவன் ஆயிற்று என்பது கதை. வீட்டில் வளரும் உயிருக்கும் அறத்தில் பங்கு உண்டு என்பது எங்கள் சமணக் கொள்கை.

நம் பெங்களூரிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர்க் கல்லைப் பாருங்கள். மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து வந்தது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட செய்தியைச் சொல்லும் 10-ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு அது. கங்க மன்னன் பூதுகன் தன் வீரன் மணலேரனிடம் என்ன வேண்டும் என்று கேட்க, அவன் அரசனின் காளி என்ற நாயைக் கேட்டு வாங்கினான். அந்த நாய் ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு போராடி, இரண்டும் இறந்தன. அந்த நாய்க்குத்தான் அந்தக் கல், அதற்கு நிலமும் விட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல்லிலும் கோவிவன் என்ற நாய் வீரனோடு நிற்கிறது. நாய் வளர்ப்பது வெள்ளைக்காரன் பழக்கம் என்று சண்டை போடும் பெரியவர்கள் ஒரு நடை மியூசியம் போய் வரலாம். அதே சமயம் கண்ணகி கையில் கிளி இருந்தது என்று நாமும் கூண்டு வாங்கக் கூடாது. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அகிம்சையும் அதைத்தான் சொல்கிறது.

மாதரி வீட்டு அடுப்பு

கோவலன் மாதவியிடமிருந்து திரும்பி வந்து, கண்ணகியோடு மதுரைக்கு நடந்து போனான். வழித்துணை கவுந்தியடிகள். பூவில் தங்கிய வண்டையும் கரையில் ஊரும் நண்டையும் நத்தையையும் அறியாமல் மிதித்துவிடுவோமே என்று வழியெல்லாம் கவலைப்பட்ட துறவி அவர்.

மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில், செம்மண் பூசிய ஒரு சிறு வீட்டில் மாதரி அவர்களைக் குடிவைத்தாள். தன் மகள் ஐயையைக் கண்ணகிக்கு நாத்தனார் போலத் துணைக்குக் கொடுத்தாள். கோவலன் சாவக நோன்பி, அதாவது சமண இல்லறத்தான் என்பதால் பகலிலேயே உண்ணச் சமையல் ஆக வேண்டும், நல்ல பாத்திரங்களைச் சீக்கிரம் கொடுங்கள் என்று ஏற்பாடு நடக்கிறது. ஆயர் பெண்கள் கொடுத்தவை: பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால் பொருள்கள். பட்டியலைக் கவனியுங்கள், மண்ணுக்குள் விளையும் கிழங்கு ஒன்றுகூட இல்லை. இன்றும் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து நயினார் வீடுகளில் நோன்பு நாளில் இதே முறைதான். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு, கிழங்கு கிடையாது. அந்த ஊர்களிலிருந்து பெங்களூருக்கு மருமகளாக வரும் பெண், ஆபீஸ் முடிந்து டிராபிக்கில் சிக்கி இருட்டிய பிறகு வீடு சேர்கிறாள். அவள் படும் பாடு எங்கள் வீடுகளுக்குத் தெரியும்.

கண்ணகி காய் நறுக்கினாள், விரல் சிவந்தது. அடுப்புப் புகையில் கண் சிவந்தது. ஐயை தீ மூட்டிக் கொடுத்தாள். ஓலைத் தடுக்கில் கணவனை உட்கார வைத்து, வாழையிலை விரித்துப் பரிமாறினாள், வெற்றிலை பாக்கும் கொடுத்தாள். இழந்த குடித்தனம் ஒரே ஒரு நாள் திரும்பி வந்தது.

அப்போது கோவலன் மனம் கலங்கித் தன் தவறுகளைச் சொல்கிறான். கண்ணகி தான் இழந்ததைக் கணக்காகச் சொல்கிறாள். அறவோர்க்குக் கொடுப்பது, அந்தணரைப் பேணுவது, துறவோரை எதிர்கொள்வது, விருந்தினரை ஏற்பது, எல்லாம் போயிற்று. கணவன் இல்லாத வீட்டில் இவற்றைச் செய்யும் உரிமை அவளுக்கு அன்று இல்லை. குடும்பத்தின் செல்வத்தையும் கோவலன் தொலைத்துவிட, கிளைக்கடை மூடிப்போயிற்று. மாமனார் மாமியார் வந்து அன்பாகப் பாராட்டினார்களாம், அவள் நோயை மறைத்துப் பொய்யாகப் புன்னகைத்தாளாம், அந்தப் புன்னகையைக் கண்டே அவர்கள் உள்ளம் வருந்தினார்களாம்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. மாமனார் மாமியார் கெட்டவர்கள் அல்ல. மருமகளை ஒரு சொல் குறை சொல்லவில்லை. பொய்ச் சிரிப்பு என்று தெரிந்தும் வருந்தினார்களே தவிர, மகனைக் கூப்பிட்டுக் கேட்டதாகக் காப்பியத்தில் ஒரு வரி இல்லை. வருத்தப்படுவதும் வாய் திறந்து கேட்பதும் வேறு வேறு.

வாய் திறந்தவள் தோழி

கண்ணகியிடம் வாய் திறந்து பேசியவள் தேவந்தி ஒருத்திதான். அவள் கணவனும் அவளை விட்டுப் போனவன்தான். அதனால் கண்ணகிக்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து வாழ்த்தினாள். அவளிடம்தான் கண்ணகி தன் கெட்ட கனவைச் சொன்னாள். புகாரில் சோமகுண்டம், சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனைச் சேரலாம் என்று தேவந்தி வழி சொன்னாள். அது நமக்குப் பெருமை அல்ல என்று கண்ணகி மறுத்தாள். யோசனை ஏற்கப்படவில்லை, ஆனால் மாமியாரிடம் சொல்லாததைச் சொல்ல ஓர் ஆள் இருந்தாள்.

கடைசியில் வஞ்சியில் கண்ணகி கோயிலைத் தேடி வந்து அழுதவர்களில் தேவந்தியும் உண்டு. இரண்டு தாய்மார்களும் துயரத்தில் இறந்தார்கள். மாசாத்துவான் பௌத்தத் துறவியர் பக்கமும் மாநாய்கன் ஆசீவகர் பக்கமும் சென்றார்கள். அவ்வளவு பெரிய குடும்பம் சிதறியபோது, தோழி புகாரிலிருந்து நடந்து வந்தாள்.

1892-இல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்த பிறகுதான் இந்த வீட்டுக் கதை நம் கைக்கு முழுமையாகக் கிடைத்தது. கற்பு, பொறுமை என்று சொல்லிக் கண்ணகியை மருமகள்களுக்கு உதாரணம் காட்டுவது எளிது. மாமியாருக்கும் மாமனாருக்கும் அதில் இரண்டு உதாரணம் இருக்கிறது. தனி வீடு வைத்துக் கொடுத்தது நல்ல உதாரணம், பொய்ச் சிரிப்பைப் பார்த்தும் பேசாமல் இருந்தது ஆகாத உதாரணம். ஊர் விட்டு ஊர் வந்து, பாஷை தெரியாத நகரத்தில், தாய் வீட்டுக் கிளியையும் தெருத் தோழிகளையும் விட்டு வந்த பெண் நம் வீட்டில் இருக்கிறாள். அவளுடைய தோழி போன் செய்தால் யார் அது என்று கேட்காமல் இருப்போம். வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் காபி கொடுப்போம். மருமகள் சிரிப்பு சரியில்லை என்று தோன்றினால் அன்றைக்கே மகனைக் கூப்பிட்டுக் கேட்போம்.