கண்டி வட்டாரத் தேவாலயக் கலையும் சுதேசியமும்

கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து கண்டி நோக்கிச் செல்லும் பெருவழிக்கு அணித்தே கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கை என்னும் மூன்று பழைய வழிபாட்டிடங்கள் உள்ளன. இவற்றுள் கடலாதெனிய விகாரை 1344ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கட்டடப் பாணியைத் தழுவிக் கல்லால் எழுப்பப்பட்டது. அதன் தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி என்பதை அங்குள்ள சிங்களக் கல்வெட்டே கூறுகின்றது. லங்காதிலகக் கல்வெட்டுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. கண்டியக் கலைமரபின் முன்னோடிகளாகப் போற்றப்படுபவை கலப்பிலே தோன்றியவை என்பதை மனத்திற் கொண்டே இவ்வட்டாரத்துக் கிறித்தவக் கலையை நோக்குதல் வேண்டும்.

கோவையினின்றன்று, கோவாவினின்று வந்த யோசேப் வாஸ் அடிகள் 1692இல் கண்டியை அடைந்தார். ஒற்றரென ஐயுற்றுச் சிறையிடப்பட்டுப் பின் அரசனின் ஆதரவைப் பெற்றார். ஆசியர் ஒருவரால் இங்கு வேரூன்றிய கத்தோலிக்கம், ஆங்கிலேயராட்சியில் ஐரோப்பியக் கட்டட வடிவங்களையும் வெள்ளை முகச் சுரூபங்களையுமே பெரிதும் மேற்கொண்டமை வரலாற்றின் முரண் எனலாம்.

மாற்றம் அங்கிலிக்கன் சபையினரிடமிருந்து வந்தது. கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயத்துக்கு 1923இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1935இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் அக்கல்லூரி ஆசிரியரான காஸ்ரர் பாதிரியார். பக்கச் சுவர்களின்றித் திறந்து கிடக்கும் அம்மண்டபத்தை 54 கற்றூண்கள் தாங்குகின்றன. கல் அருகிலுள்ள அருப்பொலையிலிருந்து வந்தது. கண்டி அரசவை மண்டபத்தில் மரத்தில் இருந்த வடிவம் இங்கே கல்லுக்கு மாறியது.

சுவரோவியங்கள் டேவிட் பெயின்ரர் தீட்டியவை. இவர் அல்மோராவில் 1900இல் ஆங்கிலத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்தவர். இக்கல்லூரியின் பழைய மாணவர். சிலுவைக் காட்சியில் அவரது கிறித்துவுக்குத் தாடியில்லை, பின்னணி கண்டற்காடு. பலரும் வியப்பது இப்புதுமையையே. ஆயின் பொருள் தெரிவே அதனினும் கூர்மையானது. செபெதேயுவின் மனைவி தன் மைந்தர்க்கு உயர் ஆசனம் வேண்டுதல், சீடரின் பாதங்களைக் கழுவுதல், நல்ல சமாரியன் என்பன ஏனைய மூன்று. ஆளப் பிறந்தோராகத் தம்மைக் கருதக்கூடிய மாணவர் முன், பதவியாசையைக் கண்டிக்கும் காட்சியும் அந்நியன் ஒருவனே அயலானாகும் காட்சியும் நிறுத்தப்பட்டன.

இவ்வோவியங்கள் தோன்றிய காலத்தை மறத்தலாகாது. 1927இல் கண்டியத் தேசிய மகாசபை டொனமூர் ஆணைக்குழுவிடம் சமஷ்டி கோரியது. 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தபோது, தோட்டத் தமிழ்த் தொழிலாளர்க்கு அது கட்டுப்பாடுகளுடனேயே கிட்டியது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. தேவாலயத் தூண்களில் கண்டியம் ஏற்றம் பெற்ற தலைமுறையிலேயே, மலைநாட்டின் உழைப்பாளர் அந்நியரென எண்ணப்பட்டனர்.

கத்தோலிக்கத் திருச்சபை ஒவ்வொரு மக்களின் கலைக்கும் வழிபாட்டில் இடமளித்தது 1963இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏட்டிலேயாகும். அக்காலத்தில் கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார 1972இல் பதுளையின் முதல் ஆயரானார். அவர் பொறுப்பேற்ற இரு மறைமாவட்டங்களிலும் தோட்டத் தமிழரே கத்தோலிக்கருட் பெரும் பகுதியினர். எனவே சுதேசக் கலை எது என்ற வினா இங்கே தூண் வடிவத்தோடு நின்றுவிட முடியாததாயிற்று.