தேனெடுப்பும் ஒரு கல்விதான்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் வாழும் பளியர்களுக்குத் தேனெடுப்பு பரம்பரைத் தொழில். மலைத்தேனீ செங்குத்துப் பாறைப் பிதுங்கலின் அடியில் ஒற்றை அடையாகக் கூடு கட்டும். அதை எட்டுகிறவரின் துணிச்சலை மெச்சுவதோடு ஊரார் நின்றுவிடுகிறார்கள். ஆனால் துணிச்சல் மட்டும் ஒருவரைப் பாறையில் நிறுத்தாது. நிறுத்துவது தலைமுறைகள் சோதித்துத் தேர்ந்த உடல்நுட்பம்.

அதன் பழமைக்கு மலைபடுகடாமும் குறுந்தொகையும் சான்று. தேனெடுக்கப் பாறையில் சார்த்திய மால்பு என்னும் மூங்கில் ஏணியை இரண்டுமே குறிப்பிடுகின்றன. கணுவே அதில் படி. ஸ்பெயின் நாட்டுப் பிகோர்ப் ஊரின் பழங்காலக் குகை ஓவியத்திலும் ஒருவர் ஏறித் தேனெடுக்கிறார். படி ஏன் தேவைப்பட்டது? முன்கைத் தசைகள் சிறியவை. பிடியை விடாமல் இறுக்கினால் தசை புடைத்துத் தன் ரத்தக்குழாய்களையே நெரிக்கும். சற்று நேரத்தில் விரல்கள் தாமாக விரியும். தொடையும் கெண்டைக்காலும் உடல் எடையை நெடுநேரம் தாங்கும். இடுப்பு பாறையை ஒட்டியிருக்கும்வரை எடை பாதத்தில் இறங்கும். விலகினால் கைகளில் விழும். பிதுங்கலுக்கு அடியிலோ காலூன்ற இடமே இல்லை. ஆகவேதான் மேலே மரத்தில் கட்டிய கொடியிலோ கயிற்றிலோ இறங்கும் முறை பிறந்தது.

இந்த உடல்நுட்பம் பழங்குடியினரின் பிறவிக்குணம் என்பார்கள் சிலர். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, தேனுக்காக மரமேறும் உகாண்டாவின் துவா மக்களின் கெண்டைக்கால் தசையிழைகள், மரமேறாத அண்டை மக்களுடையதைவிட நீளமானவை என்று கண்டது. சிறுவயது முதல் ஏறியதன் விளைவாக அது இருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. பழக்கம் தசையையே மாற்றுமானால், பிறவி என்று சொல்லி உழைப்பை மறைப்பது நியாயமில்லை. கயிறு இருக்கையில் திறமை எதற்கு என்றும் கேட்கலாம். இன்றைய பாறையேற்ற வீரரும் கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் ஏறுகிறார். விழுந்தால் கயிறு காக்கும், ஏறித் தராது. தேனெடுப்பவரின் கயிற்றைக் காப்பவரைத் தேர்வதும் நுட்பமே. மேற்குத் தொடர்ச்சி மலையின் தேனெடுக்கும் குடிகள் பலவற்றில் அந்தப் பொறுப்பு மைத்துனருக்கு. கயிறு அறுந்தால் தாலி இழப்பவள் அவர் உடன்பிறந்தவள்.

செண்பகத்தோப்புக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்குகிறது. அங்கும் பொருந்தும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேன் சேகரிக்கும் உரிமையோடு, மரபறிவின் மீதான சமூக உரிமையையும் ஏற்கிறது. தேனுக்கு விலை பேசும் நாம், அதை எடுக்கும் அறிவையும் அதற்குரியவர்களின் சம்மதத்தோடு, அவர்கள் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். தேர்ந்த பளியர்களை ஊதியம் பெறும் ஆசான்களாக அமர்த்துவதே அதற்கு முதற்படி.